இத்தாலி தோண்டிய வெந்நீர்க் கிணறு

அருப்புக்கோட்டையில் நல்ல தண்ணீர் ஊறியதைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு அழுத ஒரே மனிதன் இத்தாலிதான்.

அவன் சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. பட்டாளத்துச் சமையல்காரனாக இத்தாலிக்குப் போய், சண்டை முடிந்து எங்கள் தெருவுக்குத் திரும்பியவன். அந்த நாட்டில் பூமிக்குள்ளிருந்து வரும் ஆவியைக் குழாயில் பிடித்துக் கரண்டு எடுக்கிறார்கள், வெந்நீர் எடுக்கிறார்கள் என்று வந்த அன்றே ஆரம்பித்துவிட்டான்.

"பூமிக்கடியில அடுப்பு எரியுது அண்ணாச்சி! நாமதான் தெரியாம மேல உக்காந்துக்கிட்டு வெறகுக்கு அலையுறோம்."

அதுவரை உலக விஷயம் கேட்க வேண்டுமென்றால் தெருவே என் சாயப்பட்டறைக்குத்தான் வரும். பேப்பர் வாங்குகிறவன் நான் ஒருவன்தானே. இத்தாலி வந்தபின் என் பேப்பரைச் சீந்த ஆளில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் வீட்டுக்குப் பின்னால் தோண்ட ஆரம்பித்தான். தறிக்கு லைட்டு வரும் என்று நெசவாளிகள் கூலியில்லாமல் மண் சுமந்தார்கள். நானோ பட்டறையை மூடிவிடலாமா என்ற கவலையில் இருந்தேன். என் கிணறு உப்பு. அதில் சிவப்பு முக்கினால் நூல் செங்கல் நிறத்தில் வரும். நல்ல தண்ணீருக்கு வண்டி கட்டிப் போனால் பாதி நாள் போய்விடும்.

சூடு வந்துவிட்டதா என்று பார்க்க இத்தாலி தினமும் ஒரு முட்டையைத் துணியில் கட்டிக் குழிக்குள் இறக்குவான். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கி உடைப்பான். பச்சையாகவே ஒழுகும்.

"இன்னும் நாலு முழம்!" என்பான்.

அத்தனையும் எங்கள் வீட்டுக் கோழி இட்ட முட்டை. கொண்டுபோய்க் கொடுத்தவள் என் வீட்டுக்காரி. எனக்கு முட்டை பொரித்துப் போட்டு ஒரு மாதமாகியிருந்தது.

"அவுக நாட்டுக்கே வெளிச்சம் கொண்டாரப் போறாக. ஒங்களுக்கு முட்டைதான் பெருசாப் போச்சு" என்றாள். என் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு கொப்பரைத் தண்ணீரே கொதித்திருக்கும்.

ஒருநாள் ஊற்று கண் திறந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். இத்தாலி கையை விட்டுப் பார்த்தான்.

"சில்லுன்னு இருக்குதேய்யா! மூடுங்க இதை!" என்று தலையிலடித்துக்கொண்டு அழுதவன், மண்வெட்டியைத் தூக்கினான்.

தோற்றான் என்று துள்ளிக்கொண்டு ஓடினேன். ஒரு கை அள்ளிக் குடித்தேன். இளநீர்! எனக்கு வாய்த்தது உப்பு; வெந்நீர் தேடிய இவனுக்கு இதுவா? பொறாமையில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது. ஆனாலும் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"மூடாதப்பா."

"இந்தத் தண்ணி ஒங்களுக்கு ஆகுமா அண்ணாச்சி?"

"ஆகும்."

"அப்ப எடுத்துக்கங்க. நான் திருச்சுழிப் பக்கம் தோண்டிப் பாக்குறேன்."

அந்தத் தண்ணீரில்தான் என் சிவப்பு சிவப்பானது. கடப்பாரையோடு அவன் திருச்சுழிக்குக் கிளம்பிய காலையில், ஒரு டஜன் முட்டையை உமியில் பொதிந்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.