பேர் வைக்கும் வரிசையில் வக்கீல் பெண்டாட்டி

அன்று எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்காரர் மேசையில் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைத் தேர்தல் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அவர் வக்கீல். அந்த வருஷம் புதுக்கோட்டை நகரசபைக்கு எங்கள் வார்டில் நின்றார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எதிரே நிற்பது ஜட்ஜா, தூணா என்று தெரியாது.

"குடுத்துட்டு ஓடியாந்துரு. மசமசன்னு நிக்காதே" என்றார் என் மாமியார்.

நான் மாமியாருக்குப் பயந்தவள். மாட்டுக்கு, இடிக்கு, கம்பவுண்டருக்கு, எல்லாவற்றுக்கும் பயந்தவள். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போகவும் பயம். தூக்கிக்கொண்டே போனேன். வினை அங்கேதான் ஆரம்பம்!

குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. எனக்குக் கயல்விழி என்று வைக்க ஆசை. மாமியாருக்குத் திருக்கோகர்ணத்து அம்மன் பேர்: பிரகதாம்பாள்.

இவரோ, "எனக்கும் நீ சொல்ற பேருதான் புடிச்சிருக்கு. ஆனா அம்மா மனசு கஷ்டப்படுமே" என்பார். கோர்ட்டில்தான் புலி!

வருகிற வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்துப் பிரகதாம்பாள் என்று கூப்பிடுவதாக முடிவாகிவிட்டது. நான் ரெண்டு நாளாகப் பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தேன். என் எதிர்ப்பு அவ்வளவுதான்.

திடலில் ஒரே கூட்டம். திருச்சியிலிருந்து வரவேண்டிய தலைவர் வந்தபாடில்லை. தலைவர் கையால் பேர் வைக்கக் குழந்தைகளோடு வந்த பெண்கள் மேடையோரம் வரிசையாக நின்றார்கள். தலைவருக்குப் பதிலாக இவரே பேர் வைத்துக்கொண்டிருந்தார்.

துண்டு போட்ட தொண்டர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"கைக்குழந்தையா? வரிசைக்கு வாங்கம்மா!"

"இல்லீங்க, வக்கீலய்யாவைப் பாத்து ஒரு..."

"எல்லாரும் அவரைப் பாக்கத்தாம்மா வந்திருக்காங்க! வரிசை, வரிசை!"

நான் அவர் சம்சாரம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கான்வென்ட்டில் படித்தவள். யாராவது 'வரிசை' என்று அதட்டினால் கால் தானாகப் போய் நின்றுவிடும், வாய் தானாக மூடிக்கொள்ளும். சிஸ்டர்கள் அப்படிப் பழக்கிவிட்டார்கள்.

பின்னால் இருந்தவள் தள்ள, முன்னால் இருந்தவள் நகர, படியேறிவிட்டேன்! வெட்கத்தில் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.

"வாங்கம்மா, குழந்தையைக் குடுங்க" என்றார் இவர்.

கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து ஒரு 'வாங்க' சொன்னதில்லை!

பெற்ற மகளைக் கையில் வாங்கி, "ஆணா, பெண்ணா?" என்று வேறு கேட்டார்.

"பொண்ணுங்கய்யா" என்றார் தொண்டர், எட்டிப் பார்த்துவிட்டு.

"தாய்க்கு ஏதாச்சும் பேர் விருப்பமான்னு கேளுப்பா."

தொண்டர் என் பக்கம் குனிந்தார். கண்ணாடி இருக்கிறது என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். வந்ததோ, "கயல்விழி"! பயத்தில் வந்ததா, கொழுப்பில் வந்ததா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

இவர் மைக்கைப் பிடித்தார்.

"கயல்விழி! ஆகா! பாருங்கள் இந்தத் தாயை! வீட்டில் பெரியவர்கள் பிரகதாம்பாள், மங்களாம்பாள் என்று பல்லை உடைக்கிற பேராகச் சொல்வார்கள். அஞ்சாதீர்கள் தாய்மார்களே! இந்தத் தாயைப் போலத் துணிந்து நில்லுங்கள்!"

ஒரே கைதட்டல். துணிந்து நின்ற தாய் முந்தானையை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஏங்க, கண்ணாடி" என்று நீட்டினேன்.

மாட்டினார். குழந்தையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடியே, நீயா!"

மைக்கை அணைக்கவில்லை. ஒலிபெருக்கிக் குழாயில் ஒன்றை எங்கள் தெருமுனையில்தான் கட்டியிருந்தார்கள்.

திரும்பி வரும்போது இவர் எனக்குப் பின்னால் நடந்து வந்தார். வாசலில் மாமியார்.

"பல்லு ஒடையுதாமே?"

"அம்மா, அது பொதுவாச் சொன்னது..."

"எனக்கு இருக்கிறதே நாலு பல்லு. இதை வச்சுக்கிட்டுத் தெனமும் அம்பாளைக் கூப்பிடுறேன். முப்பத்திரண்டு வச்சிருக்கிற ஒனக்கு ஒடையுதாக்கும்?"

நான் குழந்தையைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு நின்றேன். போச்சு, என் கயல்விழி போச்சு!

"வேணாம்மா, வெள்ளிக்கிழமை நீ சொன்ன பேரையே வச்சிருவோம்" என்றார் இவர். துணிந்து நில்லுங்கள் என்ற அதே வாய்!

மாமியார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊரைக் கூட்டி வச்சுச் சொன்ன பேரை வீட்டுக்கு வந்து மாத்துவியா? அப்புறம் ஒனக்கு எவன்டா ஓட்டுப் போடுவான்? நானே போடமாட்டேன்!" என்றவர், என் பக்கம் திரும்பினார். "கயல்விழிக்குப் பசிக்குது பாரு. உள்ள தூக்கிட்டுப் போ."

அந்தத் தேர்தலில் எங்கள் வீட்டில் ஜெயித்தது நான் ஒருத்திதான்.