சம்பந்தியம்மாவுக்கு ஒரு வாக்கியம்

நெருப்பெரிச்சல்,
வெள்ளிக்கிழமை.

சோமனூரில் மாமாவோடும் தறிச் சத்தத்தோடும் சௌக்கியமாக வாழ்ந்துவரும் என் மூத்த சகோதரி ஆயம்மாள் அவர்களின் பாதம் தொட்டுத் தம்பி அப்புசாமி எழுதும் மடல். இவ்விடத்தில் நானும் என் சர்க்கரையும் என் நிட்டிங் மெஷின்களும், டாக்டரும் மெக்கானிக்கும் சொன்ன அளவுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறோம். அவ்விடத்தில் தங்கள் முழங்கால் வலியும் மாமாவின் தும்மலும் ஒருவாறு தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. தாங்கள் என் மேல் கோபமாக இருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். போன் செய்தால் போனை மாமாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அவரும் பாவம், "அவ அடுப்புல வேலையா இருக்கறா அப்புசாமி" என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் அடுப்பு, மத்தியானம் கூப்பிட்டாலும் அடுப்பு. நீங்கள் இரண்டு பேர்தான் சாப்பிடுகிறீர்கள், அப்படி என்னதான் வேகிறது என்று நானும் யோசித்துப் பார்த்தேன், என் மேலிருக்கும் கோபம்தான் வேகிறது என்று புரிந்துகொண்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். கடிதத்தை மாமாவிடம் நீட்டினாலும் அவர் கண்ணாடி இல்லாமல் உங்களையே படிக்கச் சொல்வார்.

அனுப்பிரியாவின் தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில்தான் பார்க்க வேண்டும், தாய் இல்லாவிட்டால் என்ன, அத்தை நான் இருக்கிறேன் என்று தாங்கள் சொன்னது நியாயம். நான் மறுக்கவில்லை. ஆனால் ஸ்பெயினில் இருக்கிறவளைக் கேட்டால், நான் நல்லாத்தான்ப்பா இருக்கேன், இங்க வலென்சியாவிலேயே ஆஸ்பத்திரி நல்லா இருக்குது, மாமியார் பாத்துக்கறாங்க, நீங்க யாரும் அலைய வேண்டாம் என்கிறாள். கட்டிக்கொடுத்த பிள்ளை வாயைத் திறந்து சொன்ன பிறகு நான் எப்படி இழுத்துக்கொண்டு வருவது? சரி கண்ணு என்றேன். அந்தச் 'சரி'க்குத்தான் நீங்கள் எழுந்து போனீர்கள்.

அதற்கப்புறம் நான் சும்மா இருந்துவிட்டேன் என்று மட்டும் தயவுசெய்து நினைக்க வேண்டாம். ஸ்பானிஷ் படித்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீங்க. மாப்பிள்ளை ஈவானுக்காவது இங்கிலீஷ் தெரியும். என் இங்கிலீஷும் அவரு இங்கிலீஷும் ஒண்ணையொண்ணு பாத்துக் கும்பிடு போட்டுக்கும், அதுக்கு மேல பேசிக்காது. சம்பந்தியம்மா பிலாருக்கு அதுவும் இல்லை. கல்யாணத்துக்கு வந்தப்ப நீங்கதான அவங்களுக்குக் கொசுவம் வெச்சுச் சேலை கட்டி உட்டீங்க, அவங்க எது சொன்னாலும் நீங்க தலைய ஆட்ட, நீங்க எது சொன்னாலும் அவங்க தலைய ஆட்ட, பாக்க அக்கா தங்கச்சி மாதிரி இருந்துச்சு. இப்ப நம்ம புள்ள அவங்க கையில இருக்குது. அவங்ககிட்ட ஒரே ஒரு சேதி நான் சொல்லோணும். அனு அம்மிணி வழியாச் சொல்ல முடியாது, ஏன்னா சேதியே அவளைப் பத்தித்தான். மாப்பிள்ளை வழியாச் சொன்னா அவரு நேரா அவகிட்டயே போய்க் கேட்டுப்போடுவாரு. மொழிபெயர்க்கற மெஷின் போன்லயே இருக்குதேன்னு கேப்பீங்க. பாத்தனுங்க. அது பேசற குரல், ரயில் தாமதமா வருதுன்னு ஸ்டேசன்ல சொல்ற குரல் மாதிரி இருக்குது. பெத்தவன் சொல்ற சேதிய அந்தக் குரல்ல சொல்ல மனசு வரலீங்க.

நம்ம யூனிட்ல செக்கிங் பாக்கற ஜெயசுதாதான் வழி சொன்னா. பீகார்ல இருந்து வந்த புள்ளைங்களோட பேசறதுக்கு அவ இந்தி படிச்சதே போன் வெளையாட்டுலதானாம். வகுப்புக்குப் போனா இலக்கணம் சொல்லித் தூங்க வெச்சிருவாங்க, இதுல சின்னச் சின்ன வெளையாட்டா வரும், டீ ஆறங்குள்ள ஒண்ணு முடிஞ்சிரும்னா. மொத வெளையாட்டுல வானத்துல பலூன் பறக்குது, ஒவ்வொண்ணுலயும் ஒரு படம். போனு 'மன்சானா'ங்குது. ஆப்பிள் இருக்கற பலூனைக் குத்தோணும். நான் கண்ணாடியத் தேடி மாட்டறதுக்குள்ள ஆப்பிள் வானத்தத் தாண்டிப் போயிருது. தப்பாப் போச்சுன்னா ஓரத்துல ஒரு அணில் உக்காந்திருக்குது, அது வாலைச் சுருட்டிக்கிட்டு அழுவுது. அந்த அணில் அழுதா எனக்குச் சோறு எறங்கறதில்லீங்க. அதைச் சிரிக்க வெச்சுட்டுத்தான் அக்கட்ட நகர்றது. இப்படியே பழம் பூராவும் பாடமாச்சு. அப்புறம் ஒரு மீனு, பசியோட வாயத் தொறந்துட்டு வரும், அது கேக்கற நெறத்தை எடுத்து வாய்ல போடோணும். அந்த மீனுக்குத் தீனி போட்டுப் போட்டு என் வாய்ல நெறமா வந்து ஒட்டிக்கிச்சு. ஒரு நாள் பேக்கிங்ல போய், அந்த ரோஹோ பீஸையெல்லாம் மேல எடுத்து வெய்யுங்கன்னுட்டு வந்துட்டேன். ரோஹோன்னா செவப்பு. பீகார் புள்ளைங்க அதைத் தமிழ்னு நெனச்சுக்கிட்டாங்க, நம்ம புள்ளைங்க அதை இந்தின்னு நெனச்சுக்கிட்டாங்க. ரெண்டு பக்கமும் மரியாதையாத் தலைய ஆட்டிட்டு அப்படியே நின்னுட்டிருந்தாங்க. லாரி வந்து ஆரன் அடிச்சப்பத்தான் யாருமே எதையும் எடுக்கலைன்னு தெரிஞ்சுது.

அதைக்கூடத் தாங்கிக்கலாமுங்க. அந்த ஊர்ல 'ஆமா'ங்கறதுக்கு என்ன சொல்றாங்க தெரியுங்களா? 'சீ'ங்கறாங்க. சரி, ஊருக்கு ஒரு வழக்கம்னு இருந்தா, 'நீ'ங்கறதுக்கு 'தூ'வாம். சம்பந்தியம்மாளப் பாத்து சீ, தூன்னு சொல்றதுக்கா நான் இந்த வயசுல கண்ணாடி மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கறேன்னு போனை மேசைல வெச்சுட்டு எந்திரிச்சே போயிட்டேன். ஜெயசுதாதான் தேடி, பெரியவங்களுக்குன்னு 'ஊஸ்தெத்'துன்னு ஒரு மரியாதை வார்த்தை இருக்குதுன்னு கண்டுபுடிச்சுக் குடுத்தா. அது தெரிஞ்சப்பறம் அந்த ஊரு மேல எனக்கு ஒரு மதிப்பு வந்துச்சு. இருந்தாலும் சும்மா 'சீ'ன்னு நிறுத்த வாய் வர்றதில்லை. 'சீங்க'ன்னுதான் வருது. வாயைத் தொறந்து பேசற வெளையாட்டுல நான் 'கிராசியாஸுங்க'ன்னு நன்றி சொன்னா, அந்தப் போனுக்கு நம்ம 'ங்க' புரியாம, மறுபடி சொல்லு மறுபடி சொல்லுங்குது. நான் 'ங்க'வ விடமாட்டேங்கறேன், அது என்னய விடமாட்டேங்குது, நடுவுல அணில் அழுவுது.

பக்கத்து கேட்டுல வேஸ்ட் துணி யாவாரம் பண்ற ஜமால் பாய் ஒரு நாள் போன்ல, அண்ணா, யூனிட்லதான் இருக்கீங்களான்னு கேட்டாரு. நான் வெளையாட்டு நெனப்புல 'சீ'ன்னுட்டேன். அவரு போனை வெச்சுப்போட்டாரு. அப்புறம் நேர்லயே வந்து, மூஞ்சியே இல்லாம நின்னு, எங்கிட்ட என்ன தப்புன்னு சொல்லிப்போடுங்கண்ணா, திருத்திக்கறேன்னாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. உக்கார வெச்சு டீ சொல்லி, பலூனையும் மீனையும் காட்டிப் புரிய வெச்சேன். அவரு என்னடான்னா அங்கயே உக்காந்து ஆடறதுக்கு ஆரம்பிச்சுட்டாரு. சட்டைக்குக் கமிசாங்கறாங்கன்னதும், அட, எங்க கமீஸுதாங்கண்ணா அதுன்னாரு. நாம ஆயுசு பூராவும் தெச்சுத் தெச்சு அனுப்பறமே டீ சர்ட்டு, அதுக்கு அங்க கமிசேத்தான்னு பேரு. பேர் தெரியாமயே இத்தனை நாளு அனுப்பியிருக்கறோம் பாருங்க.

மண்ணரை கன்னையன் மாமா தவறிட்டப்ப நடந்தது எப்படியும் உங்க காதுக்கு வந்திருக்கும், அதையும் நானே சொல்லிப்போடறேன். எழவூட்ல எல்லாரும் பேச்சில்லாம உக்காந்திருக்கறப்ப என் சட்டைச் சோப்புல இருந்த போனு தானாத் தொறந்துக்கிட்டு, 'முய் பியென்'னு சொல்லிக் கை தட்டுச்சு. ரொம்ப நல்லதுன்னு அர்த்தம். அவங்க பையன் கண்ணத் தொடச்சுக்கிட்டே, ஏனுங்க, என்னமோ சொல்லுதுங்களேன்னாரு. ஆறுதல் சொல்லுதுங்கன்னேன். அவரும் அதுக்கு ஒரு கும்பிடு போட்டாரு. அக்கா, நான் வேணும்னு பண்ணலீங்க.

இத்தனை பண்ணியும் எனக்கு வேண்டிய வாக்கியம் எந்த வெளையாட்டுலயும் வர்றதில்லை. பூனை பால் குடிக்குது, எங்க மாமாவோட குதிரை பெருசு, என் வீட்டுக்குப் பச்சைக் கதவுன்னே போயிட்டிருக்குது. அப்புறம் ஒரு நாள் டாக்டர் வெளையாட்டு வந்துச்சு. ஒரு பொம்மை தலையப் புடிச்சுட்டு நிக்குது, வயித்தப் புடிச்சுட்டு நிக்குது, எங்க வலிக்குதுன்னு நாம சொல்லோணும். 'மே துவேலே'. எனக்கு வலிக்குது. அதைக் கேட்டதும் எனக்கு வெளையாட ஓடலீங்க.

உங்களுக்கு நெனப்பு இருக்குங்களா, உங்க ஊட்டுக் கெடா வெட்டுக்கு வந்தப்ப அனு மாடிப்படில உழுந்தா. யாருக்குமே தெரியலை. பந்தில மத்த புள்ளைங்களோட உக்காந்து எடது கைல தின்னுட்டிருந்தா. அவ அம்மா சாரதா போய், என்ன கண்ணுன்னா. ஒண்ணுமில்லீங்கம்மான்னா. சாரதா அக்கட்ட போகலை. பக்கத்துல உக்காந்து மறுபடியும், என்ன கண்ணுன்னு கேட்டா. அப்பத்தான் அதுக்கு உதடு துடிச்சுது. கை ஒடிஞ்சிருந்துச்சு. நீங்கதான் ஓடிப்போய் ஆட்டோ புடிச்சுட்டு வந்தீங்க. அனு அப்படித்தான். மொத வாட்டி கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லும். ரெண்டாவது வாட்டி கேக்கோணும். சாரதா இருந்திருந்தா சம்பந்தியம்மா கையப் புடிச்சு அவளே இதைச் சொல்லியிருப்பா, பாஷை தெரியாட்டியும் சொல்லியிருப்பா. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லீங்க. அதனால படிச்சுத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு.

கையும் காலரும் வேற வேற எடத்துல வெட்டி வந்து ஒரு சட்டையில சேர்ற மாதிரி, டாக்டர் வெளையாட்டுல இருந்து ஒரு வார்த்தை, வழி கேக்கற வெளையாட்டுல இருந்து ஒண்ணு, எண்ணிக்கை வெளையாட்டுல இருந்து ஒண்ணுன்னு எடுத்து நானே கோத்தேன். ஜெயசுதாவும் ஜமால் பாயும் தப்பு இல்லைன்னாங்க. அவங்களுக்கும் என்னளவுதான் தெரியும், ஆனாலும் தைரியமா இருந்துச்சு. அனு ஆபீஸ் போயிருக்கற நேரமாப் பாத்து வீடியோல கூப்பிட்டேன். சம்பந்தியம்மா ஏப்ரனோட வந்து நின்னாங்க. பதட்டத்துல எனக்கு எல்லாம் மறந்துபோச்சு. ஓலாங்கன்னேன். அப்புறம் ஆப்பிள் செவப்பா இருக்குதுன்னேன். பூனை பால் குடிக்குதுன்னேன். அவங்க சிரிக்கலை அக்கா. அடுப்பை அமத்திட்டு, ஒரு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, நான் சொல்ல வந்ததைச் சொல்றதுக்காகக் காத்திருந்தாங்க. அப்பத்தான் எனக்கு வந்துச்சு.

"அனு நோ தீசே 'மே துவேலே'. ஊஸ்தெத் ப்ரெகுந்தே தோஸ் பேசெஸ். போர் ஃபவோருங்க."

அனு வலிக்குதுன்னு சொல்லாது, நீங்க ரெண்டு வாட்டி கேளுங்க, தயவுசெஞ்சு. அவ்வளவுதான். ரெண்டு வெரலையும் காட்டினேன். அப்புறம் அவங்களும் ரெண்டு வெரலைத் தூக்கி, நெஞ்சுல வெச்சுக்கிட்டு, 'எந்தியேந்தோ'ன்னாங்க. புரிஞ்சுதுன்னு அர்த்தம். நான் கிராசியாஸுங்கன்னேன். அதுக்கு அவங்க 'தே நாதா'ன்னாங்க. மாமா இந்த எடத்துல எதாச்சும் சொன்னா அடக்கி வைங்க, நாடகத்துல கூப்பிடற நாதா இல்ல அது. பரவாயில்லைங்கன்னு அர்த்தம். ரெண்டு பேரும் போனை வெக்காம, கண்ணத் தொடச்சுக்கிட்டு, மத்த பழம் பேரெல்லாம் கொஞ்ச நேரம் சொல்லிக்கிட்டோம்.

ஆகவே அக்கா, பிள்ளை நல்ல கையில் இருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்லியாகிவிட்டது. பிரசவம் அங்கேயே நடக்கட்டும். அவள் விருப்பமும் அதுதான். தாங்கள் வைராக்கியத்தை விட்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்து ஒரு தரம் என் போனை எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மாமாவுக்கு என் கும்பிடு. தங்கள் முழங்காலும் மனசும் சீக்கிரம் இளகி வர நம் குலசாமி கண் திறக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி,
அப்புசாமி.

பி.கு.: கவரை ஒட்டப் போன நேரத்துல அம்மிணி கூப்பிட்டா. அதனால மேல எழுதினதையெல்லாம் அடிச்சுப்போடுங்க. நான் பேசினதுல இருந்து சம்பந்தியம்மா எதையுமே ரெண்டு வாட்டிதான் கேக்கறாங்களாம். தண்ணி வேணுமா, தண்ணி வேணுமா. கதவச் சாத்தட்டுமா, கதவச் சாத்தட்டுமா. அம்மாவுக்கு ஞாபகம் தப்பிப்போச்சுன்னு மாப்பிள்ளை டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகப் பாத்தாராம். நேத்து அனு ஆபீஸ்ல இருந்து வந்ததும், நல்லாருக்கறயான்னு கேட்டிருக்காங்க. நல்லாருக்கேன்னிருக்கா. பக்கத்துல உக்காந்து மறுபடியும் கேட்டிருக்காங்க. இவ அழுதுட்டாளாம். எனக்கு எங்க ஊட்டுக்குப் போகோணும்னு நம்ம தமிழ்லயே சொல்லி அழுதிருக்கா. அவங்களுக்குத் தமிழ் எங்க தெரியும், ஆனா எந்திரிச்சுப் போய் அலமாரி மேல இருந்து பொட்டியக் கீழ எறக்கி வெச்சிருக்காங்க. இப்ப ஆறாம் மாசந்தான், தாராளமா ப்ளேன் ஏறலாம்னு டாக்டரும் சொல்லிட்டாராம். அடுத்த வாரம் வர்றாங்க. தனியா அனுப்ப மாட்டேன்னு சம்பந்தியம்மாவும் கூட வர்றாங்க, மாப்பிள்ளை பிரசவத்துக்கு வர்றாராம். நீங்க சொன்னதுதான் சரி அக்கா. எனக்கு ஊட்டுக்கு வர்ற ஒறம்பரையக் கவனிக்கவும் தெரியாது, மாசமா இருக்கற புள்ளைக்கு என்ன ஆக்கிப் போடறதுன்னும் தெரியாது. போனை வெக்கறதுக்கு முன்னால, "அத்தை வருவாங்களாப்பா?"ன்னு கேட்டா. வருவாங்க கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். புதன்கிழமை காலைல கார் அனுப்பறேன், மாமாவையும் கூட்டிட்டு வந்துருங்க.