படகில் ஒரு நோயாளி

இந்த விடுமுறையில் ஒரு மனிதரோடும் பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். சாதாரண முடிவல்ல, கல்லில் வெட்டி வைக்க வேண்டிய முடிவு. குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். வருஷம் முழுக்க ஊரே என் காதில் வந்து கொட்டுகிறது. குழாயில்தான் ஒன்றும் கொட்டுவதில்லை.

ஆகவே ஆற்றில் சுற்றிவர ஒரு சின்ன மோட்டார் படகை வாடகைக்கு எடுத்தேன். இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, ஒரு ஜன்னல். நானும் மனைவியும் மட்டும். அவளோ பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரியின் மாமியார் சண்டையைத் தீர்த்துவைத்துவிட்டுத்தான் இறங்குவாள். நடு ஆற்றில் யாரிடம் பேசுவாள்? மீனிடமா?

"ஏங்க, நடுத்தண்ணியில பேச்சுத் துணைக்கு யாருமே இருக்க மாட்டாங்களே?"

"ஏன், நான் இருக்கேனே?"

"அதத்தான் நானும் சொல்றேன்."

ஒரு விஷயத்தை என்னிடம் யாரும் சொல்லவில்லை. தரையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷன், தண்ணீரில் மிதந்தால் சொந்தக்காரன் ஆகிவிடுகிறான். எதிரே வந்த படகெல்லாம் கையாட்டியது. என் மனைவி இரண்டு கையையும் ஆட்டினாள். சாயங்காலம் படகுத்துறையில் ஒதுங்கினோம். பக்கத்தில் ஒரு பச்சைப் படகு. அதிலிருந்து ஒருவர் தாவி வந்து, கேட்காமலே என் கயிற்றை வாங்கிக் கட்டினார். பல் டாக்டராம். அதாவது, சொத்தைப் பிடுங்குகிறவர் இல்லை, சொத்தையைப் பிடுங்குகிறவர். வாய் நிறையப் பல், பல் நிறையச் சிரிப்பு.

"தம்பி, நாங்களும் இதே பக்கம்தான். சேர்ந்தே போயிடலாம். என் வீட்டுக்காரிக்குப் பேச ஆள் கிடைச்சா சோறே வேணாம்."

ஆபத்து நேரத்தில் என் மூளை மின்னலாக வேலை செய்யும். மனைவி உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தினேன்.

"அதுல பாருங்க சார், அவளுக்கு உடம்பு சரியில்லை. தலைசுத்தல். யாரோடயும் பேசக் கூடாது, அலட்டிக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சு சொல்லியிருக்காரு."

"அடடா!" என்றார். பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது. நானும் ஜெயித்துவிட்டேன்.

ஒரு சூப் கொதிக்கிற நேரம்தான் அந்த வெற்றி நீடித்தது. டாக்டரின் மனைவி ஒரு கையில் சூப்பும் மறு கையில் தலையணையுமாக எங்கள் படகுக்குள் நுழைந்தாள்.

"எழுந்திருக்காதேம்மா! தம்பி எல்லாத்தையும் சொல்லிட்டாரு. தலைசுத்தலோட நீ துணி மடிக்கலாமா?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. பிறகு மடித்த துணியை என் கையில் கொடுத்துவிட்டு, அப்படியே தலையணையில் சாய்ந்தாள்.

"ஆமாக்கா, சுத்துது. அடுப்பைப் பார்த்தா ரொம்பவே சுத்துது."

"அப்ப சமையல்?"

"எல்லாம் அவருதான். வேணாம்னாலும் கேட்க மாட்டேங்கிறாரு."

"பேசக் கூடாதுன்னு வேற டாக்டர் சொன்னாராமே?"

"வீட்டுக்காரர்கிட்டதான் பேசக் கூடாதுன்னாரு, அக்கா."

மறுநாளிலிருந்து என் மனைவிக்குப் பச்சைப் படகில், குடை நிழலில், சாய்வு நாற்காலி. பக்கத்தில் அக்கா. பேச்சு வெள்ளம் ஆற்றைவிட வேகமாக ஓடியது. நான் ஒரு கையில் சுக்கான், மறு கையில் சட்டியோடு பின்னால் போனேன். படகைப் பார்த்தால் உருளைக்கிழங்கு கருகியது. உருளைக்கிழங்கைப் பார்த்தால் படகு நாணலுக்குள் புகுந்தது. டாக்டர்தான் கயிறு போட்டு இழுத்துவிட்டார். நன்றிக்கடனாக அவர்களுக்கும் சேர்த்துச் சமைத்தேன். நாலு பேர் சாப்பிட்டார்கள். ஒருவன் கழுவினான்.

எவ்வளவுதான் பல்லைக் கடித்துக்கொள்வது? ஒரு மத்தியானம் டாக்டரைத் தனியாகப் பிடித்தேன்.

"சார், உண்மையைச் சொல்லிடுறேன். என் மனைவிக்கு உடம்புக்கு ஒண்ணுமே இல்லை. குத்துக்கல்லு மாதிரி இருக்கா."

அவர் கண் கலங்கிவிட்டது. என்னை அப்படியே கட்டிக்கொண்டார்.

"சபாஷ் தம்பி! நீங்களாவே சொல்லிட்டீங்களே!"

"என்ன சார் சொல்றீங்க?"

"முதல் நாளே தங்கச்சி எங்ககிட்ட விவரமா சொல்லிடுச்சு. நல்லா இருக்கிறவங்களை நோயாளின்னு நினைச்சுக்கிறதுதான் உங்க வியாதியாம். எதிர்த்துப் பேசக் கூடாதாம், கை நிறைய வேலை கொடுத்தா தானா தெளிஞ்சிடுமாம். அதனாலதான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு நாங்க ஒரு கரண்டியைக்கூடக் கழுவலை."

குடைப் பக்கம் திரும்பினேன். என் மனைவி இரண்டு கையையும் ஆட்டினாள்.

"அதான் தெளிஞ்சிட்டேனே சார், இனிமே வேலை வேண்டாமில்ல?"

"அவசரப்படாதீங்க தம்பி," என்று அடிப்பிடித்த சட்டியை அன்போடு என்னிடம் நீட்டினார் டாக்டர். "மருந்தைப் பாதியில நிறுத்தக் கூடாது."