மாடிப்படித் தளபதி

சுமை தூக்குகிறவர்கள் ஓர் இனம். தூக்கச் சொல்கிறவர்கள் இன்னோர் இனம். இரண்டையும் நீங்கள் அறிவீர்கள். நடுவே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. தூக்கச் சொல்லும் உத்தியோகம் அதற்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் சொல்ல ஆரம்பித்துவிட்டது. வருங்கால ராணுவ அதிகாரி என்பது அதன் பெயர். விடியற்காலையில் கல்லூரி மைதானத்தில் அதைக் காணலாம். மற்ற நேரங்களில் வீட்டு மாடிப்படியில்.

அடையாளம் கண்டுகொள்வது எளிது. காதுக்கு மேலே தோல் தெரியும்படி முடி வெட்டியிருக்கும், கூடத்திலிருந்து சமையலறைக்குப் போகும்போது மனிதர்களைப் போல வளைந்து திரும்பாமல், நின்று, குதிகாலைச் சுழற்றி, செங்கோணத்தில் திரும்பும், ஷூவை மினுக்குகிற மினுக்கில் வீட்டிலுள்ள அக்காமார் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்வார்கள், ஐந்தரை மணி என்று சொல்லாமல் "பதினேழு முப்பது" என்று சொல்லும், சித்தப்பாமார் விரல்விட்டுக் கழித்துப் பார்த்து, "ஓ, டீ நேரமா?" என்பார்கள். வரைபடத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வடக்கு எது என்று காட்டிவிடும். உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது.

எதிர் வீட்டுக்காரன் என்ற முறையில் ஒருவனை எனக்கு அருகிலிருந்தே தெரியும். கல்லூரிக் கடைசி வருஷம். கூடப் படிக்கிறவர்கள் 'மேஜர்' என்று கூப்பிட்டார்கள். கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். அவன் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டான்.

கல்லூரியில் அதிகாரிப் பயிற்சிப் பிரிவு ஒன்று உண்டு. அதன் டிரில் மாஸ்டர் ஒருநாள் பையன்களை நிழலில் உட்காரவைத்து, "தலைவன்னா முன்னாடி நிக்கணும்டா. நின்னு, முதல் மூட்டையை அவன்தான் தூக்கணும்" என்று சொன்னாராம். மேஜருக்கு முதல் வாக்கியம் மிகவும் பிடித்துப்போயிற்று. அதை ரசித்து முடிப்பதற்குள் இரண்டாவது வாக்கியம் போய்விட்டது.

அன்றிலிருந்து முன்னாடி நிற்க ஆரம்பித்தான். குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தால் அவருக்கு முன்னாடி. அம்மா துணி உலர்த்தினால் கொடிக்கு முன்னாடி. அப்பா மட்டும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாயைத் திறந்தார். அவருக்குப் பெயின்ட் கடை.

"இதோ பாரு. மிலிட்டரித் தேர்வு முகாமுக்குப் போற. சந்தோஷம். எடுத்துக்கிட்டாங்கன்னா அதைவிட சந்தோஷம். எடுக்கலையா, அடுத்த மாசம் கடையில வந்து உட்காரணும். பேச்சே கிடையாது."

"எடுப்பாங்கப்பா. தலைமைப் பண்பைத்தான் பாப்பாங்க."

"அது உங்கிட்ட எங்கடா இருக்கு?"

"நாளைக்குக் காலையில பாருங்க."

மறுநாள் காலையில்தான் கீழ்த்தளத்திலிருந்த இரும்புப் பீரோவை மாடிக்கு ஏற்றுவதாக இருந்தார்கள். அவன் ரயிலேறுவதும் அன்றைக்குத்தான்.

இனி நான் சொல்லப்போவதைப் பதறாமல் கேளுங்கள். தூக்க வந்தவர்கள் அப்பா, சித்தப்பா, அக்கா. மேஜர் படிக்கட்டில், பீரோ வரவேண்டிய வழியில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். முன்னாடி நிற்பது என்றால் அதுதானே?

"நான் சொன்னப்புறம்தான் தூக்கணும். ரெடியா?"

"தூக்கியாச்சுடா!" என்றார் சித்தப்பா, முகமெல்லாம் சிவந்து. "சீக்கிரம் மேல சொல்லு!"

"அப்ப கீழ வைங்க சித்தப்பா. முறைப்படி தூக்கலாம்."

வைத்தார்கள். முறைப்படி தூக்கினார்கள். "வலது... வலது... உங்க வலது இல்லக்கா, என் வலது" என்று அவன் சொல்லச் சொல்ல, பீரோ ஒவ்வொரு படியாக ஏறி, மூச்சு வாங்கி, படி திரும்புகிற இடத்துக்கு வந்து, ஒரு காலைக் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நுழைத்துக்கொண்டு, கதவுப் பக்கத்தைச் சுவரோடு அழுத்திச் சாத்திக்கொண்டு நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை. கீழேயும் வரவில்லை.

மேஜர் கடிகாரத்தைப் பார்த்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"யாரும் தொடக் கூடாது. எப்படித் திருப்பணும்னு எனக்குத் தெரியும். வந்து சொல்றேன்."

"எப்படா வருவ?" என்றாள் அம்மா மேலேயிருந்து.

"நாலு நாள்."

"துணியெல்லாம் அதுக்குள்ளதான்டா இருக்கு!"

பையைத் தோளில் மாட்டி, செங்கோணத்தில் திரும்பிப் போய்விட்டான்.

தொட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். சித்தப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அக்கா, "அவன் வச்சான், அவனே எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அப்பாவோ, திட்டுகிற வாய்தான் என்றாலும், "மிலிட்டரிக்குப் போறவன் சொல்றான். ஏதாவது காரணம் இருக்கும்" என்றார். பெற்ற பாசம் பீரோவைவிடக் கனமானது. ஆகையால் நாலு நாளும் அந்தக் குடும்பம் பல்லியைப் போலச் சுவரோடு ஒட்டி ஏறியது, இறங்கியது. அப்பா சித்தப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார். சித்தப்பா ஒல்லி. அப்பா அப்படியல்ல. வாடிக்கையாளர்கள் வண்ண அட்டையைப் பார்க்காமல் அவர் பொத்தான்களையே பார்த்தார்கள்.

முகாமில் என்ன நடந்தது? பிற்பாடு அவனே சொன்னான்.

அங்கே ஒரு மைதானம். ஒரு பள்ளம். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டிரம், ஒரு பலகை, ஒரு கயிறு. நெஞ்சில் எண் அட்டை குத்திய எட்டுப் பேர். தேர்வு அதிகாரி சொன்னார்: "டிரம் அந்தப் பக்கம் போகணும். தலைவர்னு யாரும் கிடையாது. ஆரம்பிங்க."

இதைக் கேட்டதும் எட்டுப் பேரும் ஓரடி முன்னால் வந்தார்கள். எட்டு வலது கைகள் உயர்ந்தன. எட்டு வாய்கள், "நண்பர்களே, என்கிட்ட ஒரு திட்டம் இருக்கு" என்றன. எட்டு ஊர், எட்டுக் கல்லூரி. எட்டு இடத்திலும் ஏதோ ஒரு மரநிழலில் முதல் வாக்கியம் மட்டும் காதில் விழுந்திருக்கிறது!

"நீங்க பலகையைப் பிடிங்க."

"நீங்க பிடிங்க, நான் பிளான் சொல்றேன்."

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. நான் ஒருங்கிணைக்கிறேன்."

"ஓட்டுப் போட்டுடலாமா?"

போட்டார்கள். ஆளுக்கு ஓர் ஓட்டு விழுந்தது. அதற்குள் நேரம் முடிந்து விசில் ஊதிவிட்டார்கள்.

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "சரி, டிரம்மை எடுத்த இடத்துலயே வச்சிட்டுப் போங்க" என்றார்.

மேஜர்தான் விறைப்பாக நின்று பதில் சொன்னான்: "அது அங்கதான் இருக்கு சார்!"

"தெரியும்" என்றார் அதிகாரி.

கடைசி நாள் நேர்முகம். அதே அதிகாரி.

"வீட்டுல கடைசியா என்ன வேலை செஞ்சீங்க?"

மேஜருக்கு முகம் மலர்ந்தது. "ஒரு பீரோவை மாடிக்கு ஏத்தினேன் சார். மூணு பேர் என் தலைமையில."

"ஏத்தியாச்சா?"

"படி திரும்புற இடத்துல நிறுத்தி வச்சிருக்கேன் சார்."

"எப்போலேர்ந்து?"

"நாலு நாளா, சார்."

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். நாலு நாளில் அவர் பேனாவை மூடிப் பார்த்தது அப்போதுதானாம்.

"அதுல நீங்க எந்தப் பக்கம் பிடிச்சீங்க?"

வடக்கு எது என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

"போயி முதல்ல அதை மேல ஏத்துங்க, தம்பி. வயசு இருக்கு. அப்புறம் வாங்க."

ஊருக்கு வந்தான். சாயங்காலம். படிக்கட்டில் பீரோ வைத்தது வைத்தபடி இருந்தது. பக்கத்தில் அப்பா, சித்தப்பாவின் சட்டையில். மகனின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கடை என்று அவர் ஆரம்பிக்கும் முன் பையன் பையை வைத்தான், ஷூவைக் கழற்றினான், பீரோவுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து அதன் அடியில் தோளைக் கொடுத்தான். கனமெல்லாம் இறங்குகிற பக்கம் அது. சித்தப்பா இடுப்பைத் தடவிக்கொண்டே மேல்பக்கம் பிடித்தார். அக்கா ஓடிவந்து கம்பியிலிருந்து பீரோவின் காலை விடுவித்தாள். பீரோ அசைந்தது.

அப்போது ஒரு குரல் கேட்டது.

"இடது... இன்னும் கொஞ்சம் இடது... உன் இடது இல்லடா, என் இடது!"

அப்பாதான். மேல்படியில், வழியை மறித்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

சித்தப்பா பீரோவின் மேல் தலையைச் சாய்த்தார். "அண்ணே, இது படிச்சு வந்த வியாதின்னு நெனச்சேன். ரத்தத்துல இருக்கு!"

ஒருவழியாக ஏறியது. அம்மா கதவைத் திறந்து ஒரு சட்டையை எடுத்து அப்பாவின் மேல் போட்டாள். அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாக, அனுபவித்து, கழுத்துவரை போட்டுக்கொண்டார். பையன் தோளைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"வயசு இருக்கு, அப்புறம் வாங்கன்னு அதிகாரி சொல்லிட்டாரு. அப்ப அடுத்த மாசம் கடைக்கு வரணுமாப்பா?"

"கடைக்கும் தூக்கற ஆள்தான் வேணும்" என்றார் அப்பா. பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "அவரு வயசு இருக்குன்னு சொன்னாரு இல்ல? இன்னொரு தடவை போயிட்டு வா. அதுவரைக்கும் டப்பா தூக்கிப் பழகு" என்றார்.

மேஜர் மலர்ந்து, விறைத்து, குதிகால்களைச் சேர்த்தான். "எல்லாரும் நல்லா ஒத்துழைச்சீங்க. கலையலாம்."

அக்கா கையிலிருந்த துண்டு பறந்து அவன் முகத்தில் விழுந்தது.

இந்த இனத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். நானும்தான். ஆனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். படிக்கட்டில் பீரோ மாட்டிக்கொண்டதிலிருந்து, நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டியபடி, 'முதல்ல துணியை வெளியே எடுத்திருக்கணும், அப்புறம் பீரோவைச் சாய்ச்சு, பின்பக்கமா ஏத்தியிருக்கணும்' என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தீர்களே, அதில் நீங்கள் எந்தப் பக்கம் பிடித்திருந்தீர்கள்?