அறுபத்து மூன்று சதவீதத்தில் நிற்கும் பேக்கப் குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே ஹார்ட் டிஸ்கைத் தவிர அனைவரும் நலம். உங்கள் நலமும் என் மகள் நலமும் அறிய ஆவல்தான். ஆனால் முதலில் செய்தி.

இன்று காலை நிலவரப்படி பேக்கப் அறுபத்து மூன்று சதவீதத்தில் நிற்கிறது. ஆதாரம்: நான். திரைக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்கு வேறு வேலை இருப்பதால் பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று.

நீங்கள் போனில் சொன்னபடி கேபிளை மாற்றினேன். அதே அறுபத்து மூன்று. வேறு துளையில் செருகினேன். அதே அறுபத்து மூன்று. டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் புரோகிராமை ஓட்டச் சொன்னீர்கள், ஓட்டினேன். "நலமாக உள்ளது" என்று பச்சை எழுத்தில் அறிவித்தது. அறிவித்த கையோடு உள்ளேயிருந்து டக், டக் என்று யாரோ கதவைத் தட்டுவதுபோல் சத்தம். நிருபராக எத்தனை செய்தித் தொடர்பாளர்களைப் பார்த்தவன் நான், பச்சை எழுத்துக்கு மயங்குவேனா?

எங்கே நிற்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். உங்கள் மாமியாரின் வடிவியல் புத்தகம், கடைசி அத்தியாயம். கணக்கு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தது. முழுப் புத்தகமும் இந்த டிஸ்கில்தான் இருக்கிறது. பேக்கப் முழுதாக முடிந்தால்தான் இதுவரை நகலான மற்ற அத்தியாயங்களும் திறக்குமாம். இது எதுவும் அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. "என்னங்க, அந்தப் பெட்டிகிட்ட என்ன பேச்சு?" என்று அடுக்களையிலிருந்து கேட்கிறாள். "பேட்டி எடுக்கிறேன்" என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நான் அஜாக்கிரதையாக இருந்தேன் என்பது உங்கள் குற்றச்சாட்டு. மறுக்கிறேன். இரண்டு இடத்தில் விசாரிக்காமல் ஒரு வரிகூட அச்சுக்கு அனுப்பாத நிருபர் நான். அதனால்தான் புத்தகத்தை சி டிரைவில் ஒன்று, டி டிரைவில் ஒன்று என்று வைத்தேன். அதற்கு நீங்கள் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "மாமா, ரெண்டும் ஒரே டிஸ்குதான். ஒரே ஆள்கிட்டயே ரெண்டு தடவை கேட்டிருக்கீங்க." பின்னால் என் மகள் சிரித்ததும் கேட்டது. மறுக்க வேண்டாம்.

அப்புறம் உங்கள் அறிவுரை: "ஆஃப் பண்ணிட்டுத் தூக்கிப் போடுங்க மாமா." தூக்கிப் போட வேண்டுமாமே! பெண்ணைக் கொடுத்த வீட்டில் பேசுகிற பேச்சா இது? திரையில் இப்போதும் "இந்தக் கோப்பைத் தவிர்க்கவா?" என்று ஒரு கேள்வி நிற்கிறது. தவிர்க்க மாட்டேன். பதில் சொல்லாத அமைச்சரை விட்டு அடுத்த கேள்விக்குப் போனவன் இல்லை நான், வாசலிலேயே உட்கார்ந்தவன். இதுவும் ஒரு நாள் வாய் திறந்துதான் ஆகணும். அணைக்க மாட்டேன், எழுந்திருக்க மாட்டேன், உங்களிடம் இனி யோசனையும் கேட்க மாட்டேன்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கும் உண்டு, கொஞ்சம் குறைத்து.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் "நானும் மாப்பிள்ளைக்கு ரெண்டு வரி எழுதுறேன்" என்று உங்கள் மாமியார் கடிதத்தை வாங்கினாள். எழுதவில்லை, படித்தாள். பிறகு சொன்னது இது: "போன லீவுக்கு வந்தப்பவே மாப்பிள்ளை எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டுப் போயிட்டார். நான்தான் எடுக்கச் சொன்னேன். தெரிஞ்சா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்கன்னு உங்ககிட்ட மூச்சு விடவேணாம்னேன்."

"கடைசி அத்தியாயம்?"

"அது அவர் போனப்புறம் எழுதினது. என் தலையில இருக்கு. திரும்பச் சொல்றேன். ஆனா இந்தத் தடவை சொன்னதை மட்டும் அடிக்கணும், திருத்துற வேலை வேணாம்."

ஆகவே மேலே உங்களைப் பற்றி எழுதியவை அனைத்தும் வாபஸ். ஆசிகளில் குறைத்ததையும் சேர்த்துக்கொள்ளவும். கம்ப்யூட்டரை அவளே அணைத்துவிட்டாள். புது டிஸ்க் வியாழக்கிழமை வரும் என்கிறார் கடைக்காரர். உங்களிடமுள்ள பிரதியை அதற்குள் எதிர்பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை காலை அவள் சொல்லத் தொடங்குகிறாள். திருத்தக் கூடாது என்ற நிபந்தனைக்கு நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.