கையை விட்ட மாமன்

வைவாவுக்கு முதல் நாள் காலையில் சுவேதாவின் முட்டி வீங்கிவிட்டது. அது 2006ஆம் வருஷம். சிக்குன்குனியா சிதம்பரத்தில் ஒரு வீட்டையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் பவானிக்குக் கோபம் வந்தது கொசு மேல் இல்லை, சுவேதா மேல்தான். வீங்குவதற்கு வேறு நாளே கிடைக்கவில்லையா இந்தப் பெண்ணுக்கு?

வைவா என்கிற பிஎச்.டி. வாய்மொழித் தேர்வில் சபையில் இருக்கும் யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. அந்த ‘யார் வேண்டுமானாலும்’ ஒரு ஜூனியராக இருப்பார் என்பதும், கேள்வியை முந்தின நாளே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும் என்பதும் துறையின் வழக்கம். மதியச் சாப்பாடு, கூடத்தை நிரப்ப உறவுக்காரர்கள், கேள்வி எல்லாமே மாணவி ஏற்பாடு. பவானியின் கேள்வியைக் கேட்க வேண்டிய ஜூனியர்தான் இந்தச் சுவேதா. மற்ற ஜூனியர்கள் அதற்கு முன்பே படுத்துவிட்டார்கள்.

பவானியின் ஆராய்ச்சி, பாக்டீரியா தன் புரதங்களைத் தயாரிக்கும்போது கூடமாட உதவும் சில புரதங்களைப் பற்றியது. ஜிடிபி என்ற குட்டி மூலக்கூறைப் பிடித்திருக்கும்வரைதான் அவை வேலை செய்யும். அது செலவானால் அப்படியே சும்மா இருந்துவிடும். அவற்றில் ஈஎஃப்-டியூ என்ற ஒன்றைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பவானி பிளந்துகட்டுவாள். அவளுக்குப் பயமெல்லாம் நாலாம் அத்தியாயம்தான். அதில், தப்பான துண்டு வந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்ற ஒரே சோதனையை மூன்று முறை செய்து, மூன்று விதமாக விடை வந்திருந்தது. வெளியிலிருந்து வரும் தேர்வாளர், சென்னைப் பேராசிரியர் மணவாளன், அங்கே தோண்டினால் பட்டம் போச்சு. மறுபடி செய்துவிட்டு வா என்று அனுப்பிவிடுவார். ஆறு வருஷ உழைப்பு. அதனால் ஈஎஃப்-டியூ பற்றி ஒரு கேள்வி வந்தாக வேண்டும். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே நேரத்தைத் தின்றுவிட வேண்டும்.

விடக்கூடாது என்று பவானி கீரப்பாளையத்துக்குப் பஸ் ஏறினாள். அவளுடைய தாய்மாமன் கொளஞ்சியப்பன் எப்படியும் ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்களோடு வரப்போகிறார். அவரே கேட்டுவிட்டுப் போகட்டும்.

அவருடைய விதைநெல் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே அவரை உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். கல்யாணத்தில் பெண்ணைக் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவரும் மாமன்தான் ஈஎஃப்-டியூ. பெண் என்பது அமினோ அமிலம். மணவறைக்கு ரிபோசோம் என்று பெயர். அங்கே பொருத்தம் சரியாக இருந்தால், மாமன் கையிலிருக்கும் ஜிடிபி செலவாகும். உடனே பெண்ணின் கையை விட்டுவிட்டு அவன் போய்விடுவான். பொருத்தம் இல்லையென்றால் பெண்ணோடு திரும்பிவிடுவான். மாமா கேட்க வேண்டியது இதுதான்: கையை விட்ட மாமன் அடுத்த பெண்ணைக் கூட்டிவர மறுபடி எப்படித் தயாராகிறான்?

மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முதல் தடவை கேள்வியைப் பிசகாமல் சொன்னார். அடுத்த தடவை, சபையோர்க்கு வணக்கம் சேர்ந்துகொண்டது. அதற்கடுத்த தடவை, பவானி கல்யாணத்துக்கு அவர் வரிசை வைத்த அண்டா குண்டாவெல்லாம் கேள்விக்குள் வந்து உட்கார்ந்தது.

இது தேறாது என்று பவானி கடலூரிலிருக்கும் தம்பி ராஜவேலுவுக்குப் போன் போட்டாள். செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் அவனுக்கு வேலை. மணவாளன் அன்று கடலூரில் மகள் வீட்டில் தங்குவதாகவும், காலையில் அவரைக் காரில் அழைத்துவருவது ராஜவேலு என்றும் ஏற்கெனவே ஏற்பாடு. மாமா சொதப்பினால் நீ கேள் என்று அவனுக்கும் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தாள். இருக்கட்டும் என்று பதிலையும் சொல்லிவைத்தாள். அந்தப் புத்திசாலி போனை வைத்த கையோடு மாமாவைக் கூப்பிட்டு, கவலைப்படாதீங்க, நான் ரெடியா இருக்கேன் என்று சொல்லிவிட்டான்.

மாமாவுக்கு முகம் தொங்கிவிட்டது.

“தாய்மாமன் நான் உசுரோட இருக்கறப்ப, எனக்கு ஸ்டெப்னியா இந்தப் பய?”

அவரைச் சமாதானப்படுத்த, ராஜவேலு வாயே திறக்க மாட்டான், உங்களுக்கு இஷ்டப்பட்டதை நீங்களே கேளுங்கள் மாமா என்று பவானி சொல்லித் தொலைத்தாள். மரியாதைக்குச் சொன்ன பேச்சு அது. மாமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப சொந்தமா யோசிச்சி ஒண்ணு கேக்குறேன், பாரு.”

மறுநாள் கூடம் நிறைந்திருந்தது. மணவாளன் முன்வரிசையில் உட்கார்ந்து, ஆய்வேட்டை மேசைமேல் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் கோத்துவைத்திருந்தார். பவானி பேசி முடிக்கும்வரை ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. வழிகாட்டி ராமாமிர்தம் சார் பக்கத்தில் வந்து, பிரிக்காமலே உட்கார்ந்திருக்கிறார் என்றால் மனுஷன் கரைத்துக் குடித்திருக்கிறார், ஜாக்கிரதை என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

மணவாளன் தொண்டையைச் செருமினார். ஜிடிபியைச் செலவழித்துவிட்ட ஈஎஃப்-டியூ மறுபடி எப்படி வேலைக்குத் தயாராகிறது என்று கேட்டார்.

பவானிக்குக் காதை நம்ப முடியவில்லை. தில்லைக் காளிக்கு மனசுக்குள்ளேயே ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆரம்பித்தாள். ஈஎஃப்-டிஎஸ் என்ற இன்னொரு புரதம் வருவது, தீர்ந்துபோனதைக் கழற்றிவிடுவது, புது ஜிடிபி வந்து ஒட்டிக்கொள்வது என்று மழையாகப் பொழிந்தாள். மணவாளன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வேறெதுவும் கேட்காமல், சபையில் யாராவது கேட்கலாம் என்றார்.

மாமா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். பவானி வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் மேடையைப் பார்த்தால்தானே.

“பொருத்தம் சரியில்லாமயே மாமன் ஏமாந்துபோயி கைய வுட்டுட்டான்னு வையி. அப்ப அந்தப் பொண்ணு கதி என்னம்மா?”

நாலாம் அத்தியாயம். நேராக அதன் நடு மண்டையில் போட்டார். ராமாமிர்தம் சார் கண்ணை மூடிக்கொண்டார். மணவாளன் முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மழுப்பலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஆறு வருஷம் ராப்பகலாக உழைத்தது மழுப்புவதற்கா என்று அவளுக்கு ரோஷம் வந்தது.

“மாமா, கைய வுட்டப்புறமும் தாலி ஏறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு எழுந்து போயிட ஒரு சந்தர்ப்பம் இருக்கு. அதத்தான் நாலாம் அத்தியாயத்துல அளந்து பாத்தேன். மூணு தடவையும் மூணு மாதிரி வந்துச்சு. ஏன்னு எனக்கு இன்னும் தெரியல. கண்டுபுடிக்காம வுடமாட்டேன்.”

மணவாளன் குறிப்பு எடுத்தார். நேர்மையான ஆராய்ச்சி என்றார், பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பவானி ஓடிவந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரும் கூடச் சேர்ந்து அழுதார்.

சாப்பாட்டுப் பந்தியில் மணவாளன் இரண்டாம் தடவை கொத்சு வாங்கிக்கொண்டிருந்தார். பவானி தம்பி பக்கத்தில் குனிந்து, எப்பேர்ப்பட்ட அறிவாளி பார், அத்தனை பெரிய ஆய்வேட்டில் சரியாக அந்தக் கேள்வியைத் தேடிப்பிடித்துக் கேட்டாரே என்று வியந்தாள்.

ராஜவேலு வடையை மென்று விழுங்கினான்.

“அவரு எங்க தேடுனாருக்கா? புக்கு கூரியர் கவருக்குள்ளயே கெடந்துச்சு. ‘எதுனா ஒரு கேள்வி சொல்லுப்பா’ன்னு கார்ல எங்கிட்டதான் கேட்டாரு, பதிலையும் வாங்கி பி.முட்லூர் வரைக்கும் மனப்பாடம் பண்ணிக்கிட்டே வந்தாரு.”