நைட்கேப் வந்த கதை

"அந்த நைட்கேப் விஷயத்துக்குச் சான்று எங்கே தம்பி?" என்று அகராதியின் தலைமைப் பதிப்பாசிரியரான பெரியவர் மறுபடியும் கேட்டபோது உதவிப் பதிப்பாசிரியன் மேசையிலிருந்த தாள்களைப் புரட்டத் தொடங்கினான்.

அகராதி அலுவலகத்தில் அவனுக்கு இன்னும் தற்காலிக வேலைதான். "இங்கயாவது வாயை அடக்கிட்டு நிரந்தரமாகுற வழியைப் பாருங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். சேர்ந்த வாரமே பெரியவர், "நைட்கேப்னு ஒரு தொப்பி இருக்கே, அந்தப் பேரு எப்படி வந்துச்சு?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். அறிவைக் காட்ட வேண்டுமே இவனுக்கு.

"அந்தக் காலத்து ராக்காவலர்கள், தூங்குறது அதிகாரிக்குத் தெரியாம இருக்க, கண்ணு வரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்ட தொப்பி ஐயா அது" என்று அடித்துவிட்டான்.

"அப்படியா? எதுல படிச்சீங்க?"

எதிலும் படிக்கவில்லை. படித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பெரியவர் விடாமல் கேட்கவே, சான்றாகக் காட்டப் பத்திரிகையில் வேலை பார்க்கும் மச்சானைப் பிடித்து ஒரு துணுக்குப் போடச் சொன்னான்.

"உண்மைதானே மாமா?"

"அகராதிக்காரன் பொய் சொல்வேனா?"

ஞாயிற்றுக்கிழமை அகராதி அலுவலகத்தின் பேரோடு துணுக்கு வந்தது. திங்கட்கிழமை காவலாளிகள் சங்கம் வந்தது.

வாசல் முழுக்கக் காக்கிச் சட்டை. "நாங்க என்ன தூங்குமூஞ்சிங்களா?" என்றார் சங்கத் தலைவர். அலுவலகக் காவலாளியும் நாற்காலியை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தில் போய் நின்றுகொண்டார்.

பயத்தில் இவன் கதையைத் தலைகீழாகத் திருப்பினான். "தூங்கவே கூடாதுன்னுதான் அண்ணே அந்தத் தொப்பி. உள்ளே முள்ளு வச்சுத் தைச்சிருப்பாங்க. தலை சாஞ்சா குத்தும்."

தலைவர் விடவில்லை. "அப்ப முள்ளு வச்சு எங்க ஆளுங்களைக் கொடுமை பண்ணியிருக்கீங்க" என்றார். நின்ற கூட்டம் கோஷம் போட்டபடி உட்கார்ந்துவிட்டது.

பெரியவர் அவனை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"தூங்குறதுக்கா, தூங்காம இருக்கறதுக்கா?"

உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் பொய் என்று ஒப்புக்கொண்டால் வேலை போய்விடும், மனைவி முகத்தில் எப்படி விழிப்பது?

"ரெண்டு கருத்தும் உண்டு ஐயா."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளையிலேர்ந்து வர வேண்டாம் தம்பி."

சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவன் வெளியே வந்தபோது, அவனை அனுப்பிய சேதி கேட்டுக் கூட்டம் கலைந்திருந்தது. கேட்டைத் திறந்துவிட வந்த காவலாளிக்கே மனசு கேட்கவில்லை.

"ஒரு தொப்பி என் வேலையைத் தின்னுடுச்சு அண்ணே" என்றான்.

"புதுசா வர்ற எல்லார்கிட்டயும் ஐயா அந்தத் தொப்பியைப் பத்தித்தான் சார் கேப்பாரு" என்றார் காவலாளி. "'ராத்திரி போட்டுக்கிறதால நைட்கேப், இதுல என்ன இருக்கு'ன்னு சொல்றவங்களுக்கு அன்னைக்கே வேலை நிரந்தரம்."